வெந்நீர் கண்ட கொடி

— வவ்வாலா துன்னுச்சு?

— வவ்வால்தான் கலையக்கா. அவரு அப்டித்தான் சொன்னாரு.

— வலையை அவுத்து, திராட்சைக் கொத்தைக் காம்போட கிள்ளிக்கினு, போறப்போ மறுபடியும் வலைக்கு முடிச்சு போட்டுட்டுப் போயிருக்குது. நல்ல வளர்ப்பும்மா. எங்க வூட்ல இருக்கறதுங்க ஊறுகா பாட்டிலைத் தொறந்தா மூடத் தெரியாது.

— உனுக்கு எதுலதான் சந்தேகம் வராது? வந்ததும் வராததுமா வலையை ஏன் தடவிப் பார்க்கறே?

— நான் பாட்டுக்கு கேக்கறேன், எனக்கெதுக்கு வம்பு. தோட்டம் முழுக்கத் தேடினாலும் இந்த வருஷம் அந்த ஒரு கொத்துதான் உருப்படியா பழுத்துச்சு. உன் வூட்டுக்காரு பச்சைப்புள்ளைக்கு கொசுவலை போடற மாதிரி போட்டுப் பாத்துக்கினு இருந்தாரு. அதனால கேட்டேன். தண்ணி எங்க வெச்சிருக்கறே?

— அந்தத் தூணுக்குப் பின்னால, பானையில. நீயே மொண்டு குடி. உக்காந்தா என்னால எழுந்துக்க முடியல.

— ஐயம்பேட்டையிலேருந்து ஷேர் ஆட்டோவுல இடிபட்டு, ஏனாத்தூர்ல இறங்கி, வரப்பு மேல நடந்து வந்த நானு தண்ணியை நானே மொண்டு குடிக்கணும். சரி. ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம், நீ இங்க உக்காந்து காஞ்ச குச்சி பொறுக்கிக்கினு இருக்கறே. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க நதியா?

— அடுப்புக்கு ஆவும்னு நெனைப்பாங்க. வூட்ல இருந்தா அந்தப் பொண்ணு சுகாசினி மூஞ்சியைப் பார்க்கணுமே. "மாமாவுக்கு அழைப்புத் தட்டு வெச்சீங்களா, மாமாவுக்குத் தட்டு வெச்சீங்களா"ன்னு பின்னாலயே வருது. அதுக்கு இதுங்க மேலு. செத்த கொடி கேள்வி கேக்காது.

— அப்போ இன்னும் வெக்கலையா? நதியா, உன்னைத்தான் கேக்கறேன். உன் கூடப் பொறந்தவன் ஜான்சன் ஒருத்தன்தான். உன் பொண்ணுக்கு இருக்கற தாய்மாமனும் அவன் ஒருத்தன்தான். அவன் வந்து மாலை போட்டு நெத்தியில பட்டம் கட்டாம பொண்ணு எப்டி மணையில உக்காரும்?

— உக்கார மாட்டேன்னுதான் சொல்லுது.

— சொல்லும். ரோஷக்காரப் பொண்ணு.

— இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? "விவசாயக் காலேஜ்லேருந்து கொடி ரிசல்ட்டு வரட்டும். முக்கினான்னு வந்தா நானே போயி தட்டு வெக்கறேன். முக்கலைன்னு வந்தா அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது." அவ்ளோதான். அதுக்கு மேல பேச்சே கெடையாதாம். இன்னிக்கித்தான் ரிசல்ட்டு. காலையில அதுக்குத்தான் போனாரு. இன்னும் ஆளைக் காணோம்.

— எல்லா வூட்லயும் மாமன் மச்சான் சண்டை வருது. நெலத்துக்கு வரும், நகைக்கு வரும், பந்தியில கறி கொறைஞ்சதுக்கு வரும். குச்சியை வெந்நீர்ல முக்கினானா முக்கலையான்னு சண்டை வந்தது உங்க வூட்ல மட்டும்தான். எங்க தெருவுல யாருக்காச்சும் சொன்னா, மொதல்லேருந்து சொல்லுன்றாங்க. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.

— நீ சொல்லாம இருந்தா யாருக்கும் வலிக்காது.

— இல்ல, எனக்கே அதுல ஒரு சந்தேகம். திராட்சைக் குச்சியை எதுக்கு வெந்நீர்ல போடணும்? அது இன்னா பட்டு நூலா, பசை எடுக்கறதுக்கு?

— தாய்க்கொடிக்குள்ள பூசணம் இருந்தா, அதுலேருந்து வெட்டற குச்சியிலயும் இருக்குமாம். வெளிய பார்த்தா தெரியாது. உள்ளாறவே இருந்து வருஷக்கணக்கா மெதுவா துன்னும். அதனால நடறதுக்கு முன்னால நர்சரியில வெந்நீர்ல முக்கி எடுப்பாங்க. அம்பது டிகிரி, அரை மணி நேரம். சூடு கொறைஞ்சா பூசணம் சாவாது, ஏறுனா குச்சி செத்துடும். ஜான்சன் கம்பம் பக்கத்து நர்சரியில வேலை செஞ்சானே, அங்க கத்துக்கினு வந்தான். அங்கேருந்துதான் குச்சியும் வந்துச்சு.

— இங்க அவன் நர்சரியில அம்மாம் பெரிய அண்டா இல்ல.

— இல்ல. அதனாலதான் பிள்ளையார்பாளையத்துல கலியாணசுந்தரம் அண்ணன் சாயப் பட்டறைக்கு எடுத்துக்கினு போனான். தொட்டியைக் கழுவி, தண்ணி ஊத்தி, அடுப்பு மூட்டி, தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்துப் பார்த்து முக்கினேன்னு சொன்னான்.

— அது தை மாசம்.

— ஆரம்பிச்சிட்டியா?

— நான் பாட்டுக்கு சொல்றேன். தை மாசம் முகூர்த்தச் சீசன். அரக்கும் மாம்பழ மஞ்சளும் மாத்தி மாத்தி ஓடிக்கினு இருக்கும். தொட்டி ஒரு நாளு காலியா இருந்தா நாலு தறி சும்மா நிக்கும். அந்த நேரத்துல எந்தச் சாயக்காரரு தொட்டியைக் கழுவி, "இந்தாப்பா, குச்சி குளிப்பாட்டு"ன்னு குடுப்பாரு?

— இதே பேச்சைத்தானே அன்னிக்கி இவரு காதுலயும் போட்டே?

— நான் எங்க போட்டேன்? ஷேர் ஆட்டோவுல பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாரு. நான் பொதுவா சொன்னேன்.

— மொத மொத ஒரு கொடி காயோட நின்னு காஞ்சிப் போச்சு. இலையெல்லாம் புலி வரி மாதிரி மஞ்சளடிச்சிப் போயிருந்துச்சு. அடித்தண்டை வெட்டிப் பார்த்தா உள்ளாற கறுப்பு கறுப்பா புள்ளி. அதை கையில வெச்சிக்கினு மனுஷன் செத்த வூட்ல நிக்கற மாதிரி நின்னாரு. அந்த நேரம் பார்த்து நீ பொதுவா சொன்னே.

— சரி விடு. கலியாணசுந்தரம் அண்ணனைக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

— கேக்கறதுக்குள்ள அவரு போயி சேர்ந்துட்டாரு. பட்டறையும் மூடியாச்சு. சாட்சின்னு யாரு இருக்கறாங்க? ஜான்சன் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கி, சாப்பாட்டுப் பந்தலு, ஊரே உக்காந்துக்கினு இருக்குது. அங்க வெச்சு இவரு கேட்டாரு. "நீ முக்காத குச்சியை முக்கினேன்னு சொல்லி என் தலையில கட்டிட்டே." அவன் உள்ள போயி பைபிளை எடுத்துக்கினு வந்து அது மேல கையை வெச்சான். இவரு எலையை மூடிட்டு எழுந்துட்டாரு. அன்னியிலேருந்து மாமாவும் இல்ல, மச்சானும் இல்ல.

— அன்னிக்கி நான் பந்தியில ரெண்டாவது வரிசை. பிரியாணியை வாயில வெச்சிருக்கறேன், முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

— உனுக்கு அதுதான் ஞாபகம்.

— ஞாபகம் இருக்கறதைத்தானே சொல்ல முடியும்? ஆமா, காலேஜ்ல இன்னா பண்றாங்க? கொடி கிட்ட உக்காந்து விசாரிப்பாங்களா?

— பிரவீனான்னு ஒரு பொண்ணு, பூசணத்தைப் பத்திதான் பெரிய படிப்பு படிக்குது. ரெண்டு பந்தல்லயும் அடித்தண்டுல ஓட்டை போட்டு, தூள் எடுத்துக்கினு போச்சு. கண்ணாடித் தட்டுல போட்டு வளர்த்துப் பார்ப்பாங்களாம். பெரிய பந்தலு ஜான்சன் குடுத்தது. அந்தக் கோடியில இருக்கற சின்னப் பந்தலு சந்தையில வாங்கி நட்டது, வெந்நீரே காணாதது. இவரு கணக்கு இன்னான்னா, பெரிய பந்தல்ல பூசணம் கம்மியா இருந்தா ஜான்சன் முக்கினான். ரெண்டும் ஒண்ணா இருந்தா முக்கல.

— கணக்கு நல்லாத்தான் இருக்குது. எந்தக் கொடி செத்துக்கினு இருக்குது?

— ரெண்டுந்தான். நீயே பாரேன்.

— ரெண்டுமா? அடக் கடவுளே. அப்போ ஜான்சன் கதை கந்தல்.

— அதான் எனக்குத் தூக்கம் போச்சு. கலையக்கா, எனக்குத் திராட்சை வேணாம், தோட்டம் வேணாம். இதையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு கத்திரிக்கா நட்டா கூட சரி. ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்து அந்தப் பொண்ணு நெத்தியில கையை வெக்கணும். அது மட்டும் போதும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேசாம கிடக்கட்டும்.

— அழாதே. வண்டிச் சத்தம் கேக்குது. அவருதானே?

— அவருதான். நீ ஒண்ணும் கேக்காதே. அவரே சொல்லட்டும்.

— நான் எதுக்குக் கேக்கறேன்? ... இன்னாப்பா ராமராஜா, ரிசல்ட்டு இன்னா சொல்லுது?

— நீ இங்க இன்னா பண்றே யக்கா? உங்க தெருவுல தறி ஓடலையா இன்னிக்கி?

— பாவு நூலு தீந்து போச்சு தம்பி. சும்மாதான் இருக்கறேன். அதனால உங்களைப் பார்க்க வந்தேன்.

— எங்களைப் பார்க்க இன்னா இருக்குது? தண்ணி குடு நதியா.

— பானையில இருக்குது. எனக்கு எழுந்துக்க முடியல.

— எனக்கும் குனிய முடியல. விடு.

— ரெண்டு பேரும் இப்டியே இருங்க, நான் மொண்டு தர்றேன். இந்தா. குடிச்சிட்டு சொல்லு.

— ரெண்டும் ஒண்ணு.

— இன்னாங்க?

— ரெண்டு பந்தலும் ஒண்ணு. அதே பூசணம், அதே அளவு. அந்தப் பொண்ணு தட்டெல்லாம் வரிசையா வெச்சிக் காட்டுச்சு. கறுப்பா ஒண்ணு, சாம்பலா ஒண்ணு, பஞ்சு மாதிரி ஒண்ணு. இது பெரிய பந்தலு, இது சின்னப் பந்தலுன்னு காட்டுது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. அதுக்கும் தெரியல.

— அப்போ... முக்கலையா?

— இரு நதியா, முழுசா சொல்ல விடு. நானும் அதையேதான் சொன்னேன். "பாத்தியாம்மா, முக்கல"ன்னேன். அது "அப்டிச் சொல்ல முடியாது சார்"னுச்சு.

— ஏன் சொல்ல முடியாதாம்?

— வெந்நீர் குச்சியைத்தான் கழுவுமாம் யக்கா. காவல் காக்காதாம். நட்ட அன்னிக்கி சுத்தமா இருந்திருக்கலாம். அப்புறம் கவாத்து பண்றோம், வருஷா வருஷம் வெட்டுக்காயம். அது வழியா வெளியில இருக்கற பூசணம் உள்ளாற போவுமாம். காத்துல வரும், மழையில தெறிக்கும், மண்ணுலேருந்து ஏறும். எட்டு ஒம்பது வருஷம் கழிச்சு வந்து, மொதல் நாளு இது சுத்தமா இருந்துச்சான்னு கேட்டா மரத்துக்குத் தெரியாதாம்.

— வேற ஊர்லயும் அப்டித்தானா?

— வேற ஊர்ல, வெந்நீர் கண்ட கொடியில வருஷங்கழிச்சும் வித்தியாசம் தெரிஞ்சிருக்குதாம். உள்ளாற இருக்கறதே வேற மாதிரி ஆயிடுமாம், கெட்டது கம்மியா இருக்குமாம். பூசணம்னா எல்லாமே கெட்டது இல்லையாம். நல்லது இருக்குதாம், நல்லதும் இல்லாம கெட்டதும் இல்லாம சும்மா குடியிருக்கறதும் இருக்குதாம். ஒரு தண்டுக்குள்ள ஒரு தெருவே இருக்குதுன்னுச்சு.

— சும்மா குடியிருந்துக்கினு அக்கம்பக்கத்தை வேடிக்கை பார்க்கறதும் இருக்குமா?

— இருக்கும் யக்கா. உன்னை மாதிரி ஒண்ணு எல்லா மரத்துலயும் இருக்கும்.

— பேசு, பேசு. வேற ஊர்ல தெரிஞ்சது இங்க ஏன் தெரியல?

— சொல்லுங்க. எதுக்குத் தலையைக் கவுத்துக்கினீங்க?

— கவாத்து எதால பண்றீங்கன்னு கேட்டுச்சு. வண்டியிலதான் கத்திரி இருந்துச்சு, எடுத்துக் காட்டினேன். "ரெண்டு பந்தலுக்கும் இதேதானா சார்?" ஆமான்னேன். "ஒரு கொடியிலேருந்து இன்னொரு கொடிக்குப் போறப்போ மருந்துல தொடப்பீங்களா?" எண்ணெய் போடுவேன், நல்லா தீட்டி வெச்சிருப்பேன், ஒரே வெட்டுல விழும்னு சொன்னேன். பெருமையா வேற சொன்னேன். "மொதல்ல எந்தப் பந்தல்ல பண்ணுவீங்க?"ன்னுச்சு.

— எதுல பண்ணுவீங்க?

— எப்பவும் சின்னப் பந்தலு. சின்னது சீக்கிரம் முடிஞ்சிடும்னு. அதை முடிச்சிட்டு அதே கத்திரியோட பெரிய பந்தலுக்கு வருவேன்.

— அரக்கு நூலை அலசின தண்ணியிலயே வெள்ளை நூலையும் அலசின கதை.

— அதான் யக்கா. ஒரு வருஷமா ரெண்டு வருஷமா? நட்டதுலேருந்து. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல. பேனாவை மூடி வெச்சிட்டு, "டீ குடிக்கிறீங்களா சார்"னு கேட்டுச்சு. பெரிய டாக்டருங்க அப்டித்தான் கேப்பாங்க, இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆனப்போ.

— அப்போ என் தம்பி முக்கியிருக்கலாம்.

— முக்கியிருக்கலாம். முக்காமயும் இருந்திருக்கலாம். ரெண்டையும் இனிமே கண்டுபுடிக்க முடியாது. ஊரைக் கேட்டாச்சு, மரத்தையும் கேட்டாச்சு. எல்லாம் கைய விரிச்சாச்சு.

— கொடிங்களை இன்னா பண்றது?

— இடுப்பளவுல, கறுப்பு இல்லாத எடமா பார்த்து வெட்டிவிட்டு, காயத்துல மருந்து பூசினா அடியிலேருந்து புதுசா துளிர்க்கலாம்னுச்சு. துளிர்க்காமயும் போவலாமாம். எல்லாத்துக்கும் 'லாம்' போட்டுத்தான் சொல்லுது. படிச்ச பொண்ணு.

— ராமராஜா, கொடி கெடக்குது விடு. ஜான்சனுக்கு இன்னா பதிலு? ஞாயித்துக்கிழமை கல்யாணம்.

— நான் சொன்னது இன்னா? முக்கினான்னு வந்தா தட்டு வெப்பேன். அப்டி வரலையே.

— முக்கலைன்னும் வரலையேப்பா.

— அதனாலதான் ஒண்ணும் சொல்ல முடியல.

— இது இன்னாங்க நியாயம்? ஊர் முன்னால வெச்சு அவனைத் திருடன் கணக்கா கேட்டீங்க. இப்போ தெரியாதுன்னு வந்துருக்குது. தெரியாதுன்னு வந்தா உங்க பக்கம்தான் தோத்தது.

— நான் தோத்தேன்னே வெச்சுக்கோ நதியா. அதுக்காக போயி நிக்க முடியுமா? அவன் பொண்டாட்டி சிரிக்க மாட்டா?

— அப்போ பட்டம் யாரு கட்டறது?

— எங்க பெரியம்மா பையன் கலியன் இருக்கறானே.

— உன் பெரியம்மா பையன் சுகாசினிக்கு சித்தப்பன்டா. சித்தப்பன் எப்டிப்பா தாய்மாமன் ஆவான்? கல்யாண வேலையில உனுக்கு மொறையே மறந்து போச்சா?

— யக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு. எனக்குத் தலை வலிக்குது. காலையிலேருந்து ஒண்ணும் துன்னல.

— வலிக்கும். எனக்கே வலிக்குது. நான் இங்க வர்றதுக்கு முன்னால ஜான்சன் வூட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன்.

— எதுக்குப் போனே?

— சும்மாதான். எங்க வாசல்ல வெக்க துளசிச் செடி ஒண்ணு கேக்கலாம்னு.

— சர்ச்சுக்குப் போறவன் வூட்ல துளசிச் செடி கேக்கப் போனியா?

— நர்சரி வெச்சிருக்கறவன் எல்லாந்தான் வெச்சிருப்பான். கேளு முழுசா. பட்டம் வாங்கியாச்சு. தங்க முலாம் இல்ல, தங்கமே. பீரோவைத் தொறந்து எனக்குக் காட்டினா அவன் பொண்டாட்டி. பிள்ளையார்பாளையத்துல சொல்லி, கல்யாணப் பொண்ணுக்கு மாம்பழ மஞ்சள்ல அரக்குக் கரை போட்டு பொடவையும் எடுத்தாச்சு. மாலைக்கும் சொல்லியாச்சு. எல்லாம் இருக்குது, ஆளு மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு தொட்டிக்கு மண்ணு ரொப்பிக்கினு இருக்கறான்.

— தட்டு வெக்காமயே வாங்கிட்டானா?

— அதைத்தான் நானும் யோசிச்சேன் நதியா. தட்டு வராதவன் எதுக்கு பட்டம் வாங்கறான்? அப்புறம் பார்த்தா, மேசை மேல ஒரு தாம்பாளம். துணி போட்டு மூடியிருந்துச்சு. காத்துக்குத் துணி விலகுச்சு.

— காத்துக்கு விலகுச்சா?

— என் கை பட்டு விலகுச்சு. இப்போ அதுவா முக்கியம்? வெத்தலை பாக்கு, மஞ்சள் தடவின தேங்கா. அழைப்புத் தாம்பாளம். யாரோ போயி வெச்சிட்டு வந்துருக்கறாங்க. ஏன் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கீழ பார்க்கறீங்க? சொல்லும்மா நதியா. எனக்கெதுக்கு வம்பு, ஆனா சொல்லு.

— நான்தான்.

— அப்டிப் போடு.

— இன்னாங்க, கத்தறதுன்னா கத்துங்க. கேக்கறதுக்கும் எனக்குத் தெம்பு இல்ல, பதில் சொல்றதுக்கும் தெம்பு இல்ல. முந்தாநாளு சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். ரிசல்ட்டு வரட்டும்னு நீங்க சொன்னீங்க. என்னால முடியல. முக்கியிருந்தாலும் என் தம்பி, முக்காம இருந்தாலும் என் தம்பி. போயி வெச்சிட்டேன்.

— தனியாவா போனே?

— கூட யாரு வருவாங்க?

— எடுத்துக்கினானா?

— எங்க எடுத்துக்கினான். அழுதான். அப்புறம் கோவப்பட்டான். "தாய்மாமனை அழைக்கறதுன்னா புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா வந்து நிக்கணும். ஒருத்தர் மட்டும் ஒளிஞ்சி வந்து வெச்சிட்டுப் போறதுக்கு இது இன்னா கோயில் உண்டியலா? சேர்ந்து வந்து நில்லுங்க, அப்போ தொடறேன்"னு சொல்லிட்டான். தட்டு மேல கையைக் கூட வெக்கல. நான் பாட்டுக்கு மேசை மேல வெச்சிட்டு வந்துட்டேன். உங்ககிட்ட சொல்லவும் பயம், சொல்லாம இருக்கவும் பயம். ரெண்டு நாளா சோறு இறங்கல. கத்துங்க இப்போ.

— இன்னாப்பா ராமராஜா, சத்தத்தையே காணோம்? எப்பவும் ஏனாத்தூர் வரைக்கும் கேக்குமே. சரி நதியா, ஒண்ணு மட்டும் சொல்லு. தட்டுல பழம் இன்னா வெச்சே?

— வாழைப்பழந்தான். ஒரு சீப்பு பூவம்பழம். ஏன் கலையக்கா?

— நான் பார்த்த தட்டுல வாழைப்பழம் இல்லையேம்மா. உன் தட்டை உள்ள ஏசு படத்துக்குக் கீழ வெச்சிட்டாங்களாம், எலி வருதுன்னு. மேசை மேல இருந்தது வேற தட்டு. அதுல ஒரு கொத்து பன்னீர் திராட்சை இருந்துச்சு. கடையில வாங்கினா ஈயும் தூசியுமா இருக்கும். இது காம்போட, ரெண்டு இலையோட, ஒரே வெட்டுல வெட்டினது.

— ஒரு கொத்தா? யாரு அதை... இன்னாங்க? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கினீங்க? ஏங்க?

— உன்கிட்டயும் அதையேதான் சொன்னானா, ஜோடியா வந்து நில்லுன்னு?